காட்டுவளப் பொருளியலில் தொலையுணர்வு

வானூர்தியும் செயற்கைக்கோளும் எடுக்கும் படங்களிலிருந்து காட்டின் பரப்பு, அடர்த்தி, மர இருப்பு ஆகியவற்றைக் கணித்து, அவற்றுக்குப் பண மதிப்பு காணும் முறை. இந்தியாவில் இது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. காட்டுக்குள் சுரங்கம் தோண்ட வருபவர் கட்டும் தொகையும், மத்திய வரியில் மாநிலங்களுக்குக் கிடைக்கும் பங்கும் ஓரளவு இந்தப் படங்களைப் பொறுத்தவை.

காட்டைக் கணக்கெடுக்கும் தேவைக்கும் சென்னையின் மேற்குப் புறநகருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை சென்ற தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலையில் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளரானார். தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தும் கட்டைகளும் இன்ஜினுக்கு விறகும் காட்டிலிருந்தே வந்தன. விறகுக்காகச் சென்னையைச் சுற்றிச் சவுக்குத் தோப்புகளும் போடப்பட்டன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டுக்கு எல்லை வகுத்தது. எல்லைக்குள் என்ன நிற்கிறது என்பதை மட்டும் வனக்காவலர் நடந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மேலிருந்து பார்க்கும் முயற்சிக்கும் தூண்டுகோல் வணிகமே. மரம் சார்ந்த தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் எங்கே கிடைக்கும் என்று கண்டறிய, ஐ.நா. உதவியுடன் 1965இல் காட்டுவள முதலீட்டு முன்னாய்வு தொடங்கியது. அதற்கு வான்வழிப் படங்கள் பயன்பட்டன. 1981 ஜூனில் இதுவே டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வன அளவை நிறுவனமாக மாறியது. இடையில், 1970 வாக்கில், விண்வெளி அறிவியலாளர் பி.ஆர். பிஷாரடியின் குழு கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேல் பறந்து அகச்சிவப்புப் படம் எடுத்தது. நலமான ஓலை அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும், வேர்வாடல் நோய் கண்ட மரத்தில் அது குறையும் என்பதே சோதனையின் அடிப்படை. இந்தியத் தொலையுணர்வின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் 1982இல் கிண்டியில் தொடங்கியது. அவ்வளாகத்துப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்தது என்பதால், சங்கிலி பிடித்து அளந்த மரபின் வாரிசு என்றே இந்தத் தொலையுணர்வு நிறுவனத்தைச் சொல்லலாம்.

1972இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் லேண்ட்சாட் நாடு முழுவதையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தது. சண்டையும் உடன் வந்தது. அதன் படங்களைப் படித்த தேசியத் தொலையுணர்வு முகமை, 1972–75இல் நிலப்பரப்பில் 16.89 விழுக்காடாக இருந்த காடு 1980–82இல் 14.10 ஆகச் சரிந்ததாகச் சொன்னது. ஏறத்தாழ அதே காலத்துப் படங்களைக் கொண்டு வன அளவை நிறுவனம் 1987இல் வெளியிட்ட முதல் அறிக்கையோ 6,40,819 சதுர கி.மீ., அதாவது 19.49 விழுக்காடு என்றது. ஐந்து விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு, படம் தானாகப் பேசுவதில்லை, படிப்பவர் கண்ணும் இலக்கணமும் சேர்ந்தே எண்ணைத் தருகின்றன என்பதைக் காட்டியது. 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஏவப்பட்டபின் இந்தியாவின் சொந்தப் படங்கள் கிடைத்தன.

இப்போதைய இலக்கணப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் 10 விழுக்காடு இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. ஆவடியின் பாதுகாப்புத் துறை வளாகத்தில் அடர்ந்து நிற்கும் மரங்களும், பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள ஒரு மாந்தோப்பும் இந்த அளவைத் தொட்டால் காடாகிவிடும். 2021 அறிக்கையில் தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கி.மீ., 20.31 விழுக்காடு. ஈராண்டுக்கு ஒருமுறை வரும் இவ்வறிக்கையில் சில ஆண்டுகளில் வெட்டப்படும் சவுக்கு ஒருமுறை காடாகவும் மறுமுறை வெறும் நிலமாகவும் தெரியக்கூடும். காகித ஆலைக்கு விற்ற உழவருக்கு அது அறுவடை, வரைபடத்தில் காடழிவு. பொருளியல் நோக்கில் இது சிறிய பிழையன்று.

ஏனெனில் அடர்த்திக்கு விலை உண்டு. காடுகளைக் காக்கக் கோரிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம், காட்டை வேறு பயனுக்கு எடுப்பவர் அதன் நிகர நிகழ்கால மதிப்பை, அதாவது அக்காடு இனித் தரக்கூடிய பயன்களின் இன்றைய மதிப்பை, கட்ட வேண்டும் என்றது. பொருளியலாளர் காஞ்சன் சோப்ரா குழுவின் அறிக்கையை அடுத்து 2008இல் ஹெக்டேருக்கு 4.38 முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை விகிதங்கள் வகுக்கப்பட்டன. 2022இல் அவை உயர்த்தப்பட்டன. காட்டின் வகையோடு, மிக அடர்ந்ததா, அடர்ந்ததா, திறந்ததா என்பதும் தொகையைத் தீர்மானிக்கிறது. நிதி ஆணையங்களும் இதே வழியில் வந்தன: பதினான்காவது ஆணையம் வரிப் பகிர்வில் வனப்பரப்புக்கு 7.5 விழுக்காடு எடை கொடுத்தது. பதினைந்தாவது அதைப் பத்தாக்கி, அடர்ந்த காட்டை மட்டும் எண்ணியது. திறந்த காடு மிகுந்த மாநிலங்களுக்கு இம்மாற்றம் சாதகமாக இருந்திருக்க வழியில்லை.

ஒளிப்படம் விதானத்தை மட்டுமே காண்கிறது. அடிமரம் எவ்வளவு பருமன் என்பதை அது அறியாது. அந்தக் குறைக்கு ரேடார் ஓரளவு விடை. 2025 ஜூலை 30 அன்று, ஆவடிக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோளின் நீண்ட அலை மேகத்தையும் இலையையும் ஊடுருவிக் கிளைகளையும் தண்டையும் தொடும். ஆனால் மரநிறை மிகுந்த காட்டில் அதன் சமிக்ஞை ஒரு கட்டத்துக்கு மேல் வேறுபாடு காட்டாது. ஆகவே ஆனைமலை போன்ற அடர்காடுகளில், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி நாடா பிடித்து அளக்கும் சுற்றளவோடு ஒப்பிட்டுத்தான் வானத்துக் கணக்கு இன்றும் சரிபார்க்கப்படுகிறது.