கீர்த்தனையும் முறைமையும்

திருச்சபையின் வாழ்வுக்குப் பக்திப் பெருக்கும் வேண்டும், ஒழுங்கும் வேண்டும். இவ்விரண்டும் மோதிய காலத்தைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) வரலாறு காட்டுகிறது.

சுவார்ட்சு ஐயரிடம் பயின்று, சரபோசி மன்னரின் நட்பைப் பெற்ற அவர், 'பெத்லகேம் குறவஞ்சி' முதலிய நூல்களில் கிறித்தவப் பொருளைத் தமிழ் இசை வடிவங்களிற் பாடினார். செர்மானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளுக்குப் பழகிய சபையில் இராகமும் தாளமும் நிறைந்தன.

பின்வந்த புதிய மிஷனரிமார் வழிபாட்டைத் திருத்தி அமைத்தனர். சாஸ்திரியார் நான்கு கொடுமைகளை எடுத்துரைத்து முறையிட்டார்: பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல், சாதிகளை ஒன்றாக்குதல், திருமணத்திலும் அடக்கத்திலும் மலர்களை விலக்குதல், ஆராதனையில் தமிழிசையை நீக்குதல். இசையைக் காக்க எழுந்த குரலே சாதியையும் காக்க எழுந்தது என்பதை வரலாறு மறைப்பதற்கில்லை. அவ்விடத்தில் நீதி புதிய ஒழுங்கின் பக்கமே நின்றது.

1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப், சாஸ்திரியார் முதலியோரின் கீர்த்தனைகளை வழிபாட்டுக்கெனத் தொகுத்து அச்சிட்டார். விலக்கப்பட்ட இசை, முறைமைக்குள்ளேயே இடம் பெற்றது. இன்று ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் ஒலிக்கின்றன. சாதி வேற்றுமையோ சபைகளினின்று இன்னும் முற்றும் நீங்கவில்லை. மரபில் எதைப் போற்றுவது, எதைக் களைவது என்னும் தெளிவே பக்தியையும் ஒழுங்கையும் இணைக்க வல்லது.