ஓய்வறியா மருத்துவர்



பிறப்புக்கு நாளும் பொழுதும் எவராலும் குறிக்க முடிவதில்லை. வேதனை கண்ட தாய் விடியுமட்டும் காத்திருக்க இயலாது. அவளுக்குத் துணைநிற்கும் வைத்தியரும் அவ்வாறே. பகலெல்லாம் நோயாளரைப் பார்க்கும் குடும்ப வைத்தியரே இரவில் பிரசவமும் பார்க்க நேர்ந்தால், அவர் உறங்குவது எப்போது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலைப்பகுதியில் கிரெம்லிங் என்றொரு சிற்றூர் உண்டு. 1948ஆம் ஆண்டில் ஏர்னஸ்ட் செரியானி என்பவர் அங்கு வைத்தியராயிருந்தார். ஏறத்தாழ 400 சதுர மைல் பரப்பில் வாழ்ந்த 2,000 மக்களுக்கு அவர் ஒருவரே வைத்தியர். குழந்தை பிறப்பிக்கவும், முறிந்த எலும்பைப் பொருத்தவும், சத்திரசிகிச்சை செய்யவும் அவரையே அழைத்தனர்.

யூஜீன் ஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் 23 நாட்கள் அவரைத் தொடர்ந்து படம் பிடித்தார். அவை அவ்வாண்டு செப்ரெம்பர் 20ஆம் திகதி 'லைஃப்' சஞ்சிகையில் வெளியாயின. அவற்றுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதிகாலை இரண்டு மணிவரை சத்திரசிகிச்சை செய்துவிட்டு, கோப்பிக் கோப்பையுடன் வைத்தியசாலைச் சமையலறையில் களைத்து நிற்கிறார் செரியானி. அரிதாகக் கிடைத்த ஓய்வில் மீன்பிடிக்கச் சென்றவரை, குதிரையால் உதையுண்ட குழந்தைக்காக மீண்டும் அழைத்துக்கொண்ட செய்தியும் அத்தொகுப்பில் உண்டு.

அந்தக் களைப்பைக் கண்டவர்கள் தியாகமெனப் போற்றினர். அதனை ஒரு கேடாகச் சுட்டும் பெயர் அக்காலத்தில் வழங்கவில்லை. 1974இல் நியூயோர்க் உளவியலாளர் ஹேர்பேர்ட் பிரொய்டன்பேர்கர், இலவச மருத்துவ நிலையத் தொண்டர்களிடம் தாம் கண்ட சோர்வை 'பேர்ன் அவுட்' என்றார். எண்ணெய் வற்றியபின்னும் எரியும் திரிபோல் மனிதர் கருகிப் போவதை அச்சொல் உணர்த்திற்று. 1981இல் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதனை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். உள்ளம் வறண்டு போதல், நோயாளரை உயிரற்ற பொருள்போல் நோக்குதல், தம் பணியால் பயனில்லையென எண்ணுதல் ஆகிய மூன்றும் அதன் குறிகள்.

பிரசவ அறையில் இதன் விளைவு கொடிது. மனம் வறண்டவர் கை விரைந்து செயற்பட வேண்டிய கணத்தில், இரண்டு உயிர்கள் அக்கையை நம்பியிருக்கின்றன.

நாளடைவில் பலர் அப்பணியையே விட்டனர். அமெரிக்கக் குடும்ப வைத்தியருள் பிரசவம் பார்த்தோர் 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு 23 பேராயிருந்தனர். 2010இல் பத்துப்பேர் அளவுக்குக் குறைந்தனர். இரவுபகலற்ற அழைப்பும், வழக்குகளுக்கு அஞ்சிச் செலுத்தும் காப்புறுதிப் பணத்தின் சுமையும் அதற்குக் காரணங்களாயின. கிராமத்து வைத்தியசாலைகள் பல பிரசவப் பகுதியை மூடின. தாய்மார் நெடுந்தூரம் பயணஞ்செய்ய நேர்ந்தது.

இதற்குக் கண்ட பரிகாரம் எளியது. வைத்தியர் சிலர் கூடி, இன்றிரவு ஒருவர், நாளையிரவு மற்றவர் என முறைவைத்துக் கொள்வர். மருத்துவிச்சியரும் சுமையிற் பங்கேற்பர். செரியானிக்கு வாய்க்காதது இத்தகைய துணையே. ஓய்வற்ற வைத்தியரை வியந்து புகழும் ஊர், அவருக்கு மாற்றாள் ஒருவரையும் தேடித் தருதல் வேண்டும். அவர் உறங்கும் இரவும் பிறக்கப்போகும் குழந்தைக்குச் செய்யும் காவலேயாகும்.