குதிரைக் காற்பொருக்கும் கொழும்புக்கு வந்த அம்மைப்பாலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது, கொழும்புக் கோட்டைக்கு வெளியே ஒல்லாந்தர் காலத்தில் உருப்பெற்ற புறக்கோட்டையில் செட்டிகளும் சோனகரும் பறங்கியரும் சிங்களவரும் தமிழரும் நெருங்கிக் குடியிருந்தனர். துறைமுகத்தை அடுத்திருந்ததால் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த சரக்கு முதலில் இறங்கிய இடமும், கப்பலேறி வந்த நோய் முதலில் பரவிய இடமும் இந்நகர்ப்பகுதியாகவே இருந்தது. அந்நோய்களுள் மக்கள் மிகுதியாக அஞ்சியது பெரியம்மை. அம்மை கண்ட வீட்டைச் சுற்றத்தார் விட்டகன்றதையும், சில ஊர்கள் ஆளின்றிப் போனதையும் அக்காலத்தில் இலங்கையின் ஆங்கில மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த தோமஸ் கிறிஸ்டி 1811-இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். அப்பெருநோய்க்கு எதிராக இத்தீவுக்கு வந்த காப்பின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடினால், அது இங்கிலாந்தின் பண்ணைக் கொட்டில் ஒன்றில் குதிரையின் பின்னங்காலில் தோன்றிய புண்ணுக்கு இட்டுச் செல்கிறது.

அம்மைப்பால் என்னும் தடுப்பு நீர் வருமுன் இலங்கையில் கையாளப்பட்டது, பெரியம்மைக் கொப்புளத்தின் சீழையே நலமுள்ளவரின் தோலில் கீறிச் செலுத்தும் முறையாகும். தேசாதிபதி பிரடெரிக் நோர்த் (1798–1805) இதற்கென மருத்துவமனைகளை ஏற்படுத்தினார். இம்முறையில் நோய் பெரும்பாலும் இலேசாக வந்து நீங்கியதாயினும், செலுத்தப்பட்டது உண்மையான பெரியம்மையே ஆதலால், சிலர் அதனாலேயே இறந்தனர். கீறப்பட்டவரிடமிருந்து அது அயலாருக்குத் தொற்றுவதும் உண்டு.

இதற்கு மாற்றாக, பசுவின் மடியில் தோன்றும் கோமசூரிக் கொப்புளத்தின் நீரை எட்வேர்ட் ஜென்னர் 1796 மே 14 அன்று ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் சிறுவனுக்குச் செலுத்தியதும், பின்னர் அச்சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழைச் செலுத்தியும் நோய் பற்றாமற்போனதும் பலர் அறிந்த செய்தி. ஆனால் 1798-இல் வெளியான ஜென்னரின் நூல் பசுவிலிருந்து தொடங்கவில்லை. பால் கறக்கும் பண்ணைகளில் குதிரையின் குதிகாலில் வரும் ‘கிரீஸ்’ என்ற புண்ணுக்கு மருந்திடும் ஆண்கள் கையைக் கழுவாமல் பசுக்களைக் கறக்கும்போதே மடியில் கோமசூரி உண்டாகிறது என்பது அவர் கருத்து. அதைச் சோதிக்க, குதிரைப் புண்ணைத் தொட்டதால் தோமஸ் வேர்கோ என்னும் வேலையாளின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, 1798 மார்ச் 16 அன்று ஜோன் பேக்கர் என்னும் ஐந்து வயதுச் சிறுவனுக்கு அவர் செலுத்தினார். ஏழைகள் காப்பகத்தில் பரவிய வேறொரு காய்ச்சலால் அப்பிள்ளை பின்னர் இறந்துவிட்டதால், பெரியம்மைக்கு எதிரான காப்பு அவனுக்குக் கிடைத்ததா என்பது சோதிக்கப்படாமலே போயிற்று.

அக்காலத்தார் கிரீஸ் என்று அழைத்தது தனியொரு நோயன்று. குளம்புக்கு மேலே, கணுவின் பின்புறக் குழிவில், தோல் மெல்லியதாகவும் ஓயாது மடங்கி நிமிர்வதாகவும் இருக்கிறது. அவ்விடம் சேற்றிலும் ஈரத்திலும் நெடுநேரம் ஊறும்போது தோல் நைந்து வெடிக்க, அவ்வெடிப்பின் வழியே கிருமிகள் புகுந்து, கசியும் நீர் உறைந்து பொருக்காகிறது. மயிர்கள் அப்பொருக்கில் கொத்தாக ஒட்டிக்கொள்ளுகின்றன. பொருக்கைப் பெயர்த்தால் மயிரும் உடன் வந்து, அடியில் சிவந்த சொட்டை தெரிகிறது. இதற்குக் காரணமாகும் கிருமிகளுள் ஒன்றான டெர்மட்டோபிலஸ் கொங்கோலென்சிஸ் 1915-இல்தான் பெல்ஜியக் கொங்கோவில் விவரிக்கப்பட்டது. அதுவன்றி, காலில் மயிர் அடர்ந்த குதிரைகளைப் பற்றும் நுண்ணுண்ணிகளும், படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகளும், வெண்கால் குதிரைகளை வருத்தும் வெயிற்கொப்புளங்களும் ஏறக்குறைய இதே தோற்றத்தைத் தருவன. இவற்றோடு குதிரையம்மை என்னும் வைரசு நோயும் அதே இடத்தில் புண்ணாக வெளிப்பட்டதால், குதிரைக்காரரும் லாடம் அடிப்போரும் மருத்துவரும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கினர்.

ஜென்னரின் கருத்து நெடுங்காலம் ஏற்கப்படாமற்போனதற்கு இம்மயக்கமே காரணம். கிரீஸ் கண்ட குதிரைகளிலிருந்து நீரெடுத்துப் பசுக்களுக்குச் செலுத்திப் பார்த்தவர்கள் பெரும்பாலும் தோல்வியே கண்டனர். சேற்றுப்புண்ணிலிருந்து எடுத்த நீரில் அம்மைக் காப்பு இருக்க வழியில்லை. யோர்க்சயரைச் சேர்ந்த ஜோன் லோய் என்னும் மருத்துவர் 1801-இல் இச்சிக்கலை அவிழ்த்தார். காலோடு நின்றுவிடும் புண் ஒருவகை, காய்ச்சலோடு தொடங்கி உடலின் பிற பகுதிகளிலும் கொப்புளம் எழுப்பும் புண் மற்றொருவகை என்று பிரித்தறிந்த அவர், இரண்டாம் வகையின் நீர் பசுவின் துணையின்றியே மனிதருக்குக் காப்பளிப்பதைச் சோதனையால் காட்டினார். ஜென்னரும் 1817-இல் குதிரையிலிருந்து நேரே பெற்ற நீரைப் பயன்படுத்தினார்.

இதற்கிடையே அம்மைப்பால் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டிருந்தது. வெப்பத்தில் விரைவில் கெட்டுவிடும் அந்நீரைக் கடல்வழியே அனுப்பும் முயற்சிகள் தோற்றபின், வியன்னாவிலிருந்த ஜோன் டி காரோ என்னும் மருத்துவர் நிலவழியைத் தேர்ந்தார். மிலான் நகர மருத்துவர் லூயிஜி சாக்கோ லொம்பார்டிப் பசுக்களிலிருந்து திரட்டிய நீரில் பஞ்சிழையை நனைத்து, இரு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்து, காற்றுப் புகாதபடி மெழுகு பூசி டி காரோ அனுப்பிய பொதி, 1802-இல் பக்தாத்தை அடைந்து பிரிக்கப்பட்டபோது உள்ளிருந்த நீர் உலராமல் இருந்தது. அங்கிருந்து பசுராவுக்கும், கைக்குக் கை மாற்றிச் செலுத்தும் முறையில் பம்பாய்க்கும் அது சென்றது. 1802 யூன் 14 அன்று அங்கே அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தை இந்தியாவில் முதன்முதலாக அம்மைப்பால் பெற்றாள். அவ்வாண்டிலேயே இலங்கைக்கும் அது வந்து சேர்ந்தது. ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து எட்டாம் நாள் அளவில் நீரெடுத்து அடுத்த குழந்தைக்கு ஏற்றினாலன்றி இச்சங்கிலி அறுந்துவிடும் ஆதலால், இத்தீவுக்கு அம்மைப்பால் வந்ததும் நிலைத்ததும் பிள்ளைகளின் கைகளாலேயே நிகழ்ந்தன.

அம்மை கண்டால் மாரியம்மனை வேண்டி வேப்பிலை கட்டி நோன்பிருந்த மக்களிடையே இப்புது முறையை எடுத்துரைக்கப் பசுவே பொருத்தமான துணையாயிற்று. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த சென்னை அதிகாரி எல்லிஸ், தன்வந்திரியைப் பாத்திரமாக்கி, கோமசூரி பசு தந்த வரம் என்னும் கருத்தில் தமிழிலேயே ஒரு கதை எழுதினார். பசுவுக்குரிய புனிதத்தின் முன் குதிரைக் காலின் சீழுக்கு அக்கதையில் இடமிருக்க இயலாது. இலங்கையில் 1886-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அம்மைப்பால் குத்துதலைக் கட்டாயமாக்கியது. இருபதாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில், இலங்கைக்குக் கப்பலேறுமுன் தோட்டத் தொழிலாளருக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. இவ்வளவு பரந்த நடைமுறையிலும் குதிரையின் பங்கு பேசப்படவில்லை.

அப்பங்கை வெளிக்கொணர்ந்தது மரபணு ஆய்வு. 1976-இல் மங்கோலியாவில் நோயுற்ற குதிரைகளிலிருந்து பெறப்பட்ட குதிரையம்மை வைரசின் மரபணுத்தொகுதி 2006-இல் வெளியிடப்பட்டபோது, தடுப்பூசியில் பயன்பட்ட வக்சீனியா வைரசோடு அது நெருங்கிய உறவுடையது என்று தெரிந்தது. 1902-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட அம்மைப்பாலொன்றை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், அதன் மையப் பகுதி குதிரையம்மையோடு 99.7 விழுக்காடு ஒத்திருந்தது. கொழும்புக்கு 1802-இல் வந்த அம்மைப்பாலின் மாதிரி இன்றில்லை. அது பசுவிலிருந்து எடுக்கப்பட்டதாகவே பதிவாகியுள்ளது. ஆயினும் உலகெங்கும் வழங்கிய அம்மைப்பாலின் வழிமரபில் குதிரைக்கும் பங்குண்டு என்பதை இனி மறுப்பதற்கில்லை.

1980 மே 8 அன்று உலக சுகாதார சபை பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது. அந்நிலைக்கு இட்டுச்சென்ற பாதையில் ஜென்னரின் கூர்மையோடு, குதிரைக் காலைக் கழுவி மருந்திட்ட வேலையாட்களின் புண்பட்ட கைகளும், ஒரே பெயருக்குள் மறைந்திருந்த இரு நோய்களைப் பொறுமையோடு பிரித்தறிந்த லோயின் பார்வையும், கொப்புளத்தை ஊர்விட்டு ஊர் சுமந்த பிள்ளைகளும் இருந்தனர். இலங்கையின் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் தேசாதிபதிகளுக்கும் மருத்துவர்களுக்கும் அளித்த இடத்தை இவர்களுக்கும் அளிப்பதே நேர்மையான வரலாறாகும்.