ஏரியடியில் விளைந்த இரும்பு

ஸ்வீடனின் தெற்கிலுள்ள ஸ்மோலாந்திலும் பின்லாந்தின் கிழக்குப் பகுதியிலும் இரும்புத்தாது நெடுங்காலம் ஏரிகளின் அடியிலிருந்து வாரி எடுக்கப்பட்டது. ஸ்மோலாந்தின் குடியானவர்கள், உழவு ஓய்ந்த குளிர்கால மாதங்களில், உறைந்த ஏரியின் மீது நின்று பனிக்கட்டியில் துளையிட்டு, நீண்ட கழியில் பொருத்திய வாரியால் தாதைக் கூட்டிச் சல்லடையில் அள்ளினர். பின்லாந்தில் கோடையில் தெப்பங்களிலிருந்தும் இவ்வேலை நடந்தது. காசு போலவும் பயறு போலவும் உருண்டும் தட்டையாகவும் கிடைத்த அத்தாது, அள்ளிய இடத்திலேயே சில பத்தாண்டுகளில் மீண்டும் விளையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்விளைச்சலுக்கு மூலம் சுற்றியிருந்த காடுகளும் சதுப்புகளுமே. இலையும் பாசியும் முற்றிலும் அழியாமல் மட்கும்போது உண்டாகும் மட்கு அமிலங்கள் மண்ணிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, தேநீர் நிறமுடைய ஓடைநீரில் அதைக் கரைந்த நிலையிலேயே ஏரிவரை கொண்டுசேர்க்கின்றன. அங்கே ஆக்சிஜன் மிகுந்த ஆழமற்ற பகுதியில், நுண்ணுயிர்களின் துணையோடு அப்பிணைப்பு அவிழ, இரும்பு துருவைப் போன்ற ஹைட்ராக்சைடாக மணல் துகள்களைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிகிறது. ஆழத்திலோ, அழுகும் கரிமப் பொருள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் படிந்த இரும்பும் மறுபடி கரைந்துவிடுகிறது. வாரிக்காரர்கள் ஆழமற்ற திட்டுகளையே நாடியதற்கு, கழி எட்டும் தொலைவு மட்டுமன்றி, இந்த வேதியியலும் காரணமாகும்.

இரும்பு ஹைட்ராக்சைடு, உயிர்களின் முதன்மையான ஊட்டச்சத்துகளுள் ஒன்றாகிய பாஸ்பேட்டைத் தன் பரப்பில் இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே ஏரித்தாதில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தது. அதிலிருந்து அடித்த இரும்பு குளிரில் நொறுங்கியதால், கடுங்குளிர் நாட்டில் அது பெருங்குறையாயிற்று. ஆனால் அதே பாஸ்பரஸ் உருகிய இரும்பை இளக்கி அச்சின் நுண்ணிய மூலைகள்வரை பாயச் செய்தமையால், அடுப்பு, பானை முதலிய வார்ப்புப் பொருள்களுக்கு அது நன்கு உதவிற்று. கொல்லரும் வார்ப்பாளரும் உலைக்களத்தில் உணர்ந்த இப்பிணைப்பை ஏரிநீரில் ஆராய்ந்தவர்களுள் 1930-களில் ஜெர்மனியின் ஐன்செலேயும், 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் எஸ்த்வெயிட் ஏரியைப் பற்றி எழுதிய மார்ட்டிமரும் முதன்மையானவர்கள். அடிச்சேறு ஆக்சிஜனை இழக்கும்போது இரும்பு கரைந்து, அது பிடித்திருந்த பாஸ்பேட்டும் நீரில் விடுபடுகிறது என்ற அவர்களது விளக்கம், பின்னாளில் பல திருத்தங்களுக்கு உட்பட்டாலும், ஏரியியலின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் நிற்கிறது.

தொழிலின் முடிவிலும் பாஸ்பரஸுக்குப் பங்குண்டு. 1870-களின் இறுதியில் சிட்னி தாமஸும் கில்கிறிஸ்டும் காரத்தன்மையுள்ள உலைப்பூச்சால் பாஸ்பரஸை நீக்கும் முறையைக் கண்டபோது, பாஸ்பரஸ் மிகுந்த பெருஞ்சுரங்கங்களின் தாதுகளெல்லாம் மலிவான எஃகாக மாறின. கரியடுப்பை நம்பிய சிறு ஆலைகளால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. ஏரித்தாதையே நம்பியிருந்த பின்லாந்தின் மோஹ்கோ ஆலை, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மூடப்பட்டது.