சுட்டறிவின் எல்லை

மக்களறிவு எத்துணைத் தூரஞ் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்னும் வினா, மெய்ப்பொருளாராய்ச்சி நிகழ்ந்த நாடுகள் பலவற்றினும் எழுந்ததொன்றாம். எல்லாம் அறிவால் அளக்கப்படும் என்பார் செருக்கின்கண் வீழ்வர். ஒன்றும் அறியவாராது என்பார் முயற்சியற்று ஒழிவர். இவ்விரு குற்றமும் சாராத நெறியொன்றைச் சித்தாந்த ஆசிரியர்கள் நிலைநாட்டிய வரலாறு அறியற்பாலது.

13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களும் 40 அடிகளும் உடையது. அதன் முதல் மூன்று சூத்திரங்கள் முப்பொருளின் உண்மையை அளவையால் நிறுவுவன. அடுத்த மூன்றும் அவற்றின் இயல்பைக் கூறுவன. உண்டென்று அறிதல் வேறு, இன்ன தன்மைத்தென்று அறிதல் வேறு என்பது இம்முறைவைப்பாற் பெறப்படும். உலகம் தோன்றி நின்று ஒடுங்கக் காண்டலின், அதற்கொரு கருத்தா உண்டென்று கருதலளவையால் துணியலாம். அக்கருத்தாவின் இயல்பையும் அவ்வளவையே காட்டிவிடுமோ எனின், காட்டாது.

அஃதென்னையெனின், ஐந்தாஞ் சூத்திரம் ஏது கூறுகின்றது. கண் முதலிய பொறிகள் உயிரால் விளங்கித் தத்தம் புலன்களை அறியும். தம்மை அறிவிக்கும் உயிரை அறியா. அங்ஙனமே உயிர்களும் முதல்வனருளால் அறிவனவாயினும் அவனை அறியாவாயின. ஆறாஞ் சூத்திரம் இதனை முடிபாக்குகின்றது. இறைவன் உயிரறிவால் இஃதெனச் சுட்டி அறியப்படுவனேல், அறியப்பட்ட ஏனைப் பொருள்கள்போல அசத்தாவன். எவ்வாற்றானும் அறியப்படானேல், முயற்கோடுபோல இல்பொருளாவன். ஆகலின் இரண்டுமன்றிச் சிவசத்தாய் நிற்பன் என்பது துணிபு. ஈண்டு அசத்தென்றது இன்மையையன்று; ஒருபடித்தாய் நில்லாமையை.

மெய்கண்டாரின் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியர், சிவஞானசித்தியாரில், பத்தென விரிக்கப்பட்ட அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். காட்சியொன்றே அளவையென்னும் உலோகாயதரைப் பரபக்கத்தில் மறுத்தார். அவர் செய்த மற்றொரு வரையறை கற்றார் நெஞ்சில் நிறுத்தற்பாலது. வேதம், மிருதி, புராணம், கலை என்னும் நூலறிவு முழுதும், சொல்வகையாய் நாதமுடிவில் அடங்குதலின், பாசஞானம் என்றார். நானே பிரமம் என்று தன்னைத் தலைமைப்படுத்தும் அறிவைப் பசுஞானம் என்றார். இவ்விரண்டிற்கும் எட்டாத பொருள் பதிஞானத்தாலேயே எய்தப்படும் என்பது அவர் கோட்பாடு. ஆகமவுரையை அளவையாகக் கொண்ட ஆசிரியரே நூலறிவிற்கும் எல்லை வகுத்தமை பெரிதும் கருதத்தக்கது.

1313-இல் சங்கற்பநிராகரணம் இயற்றிய உமாபதி சிவாசாரியர், 100 குறள்வெண்பாக்களாலாய தமது திருவருட்பயனில் இவ்வெல்லைக்குரிய காரணத்தைப் புலப்படுத்தினார். புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும்; ஆணவவிருளோ பிறபொருளோடு தன்னையும் மறைக்கும். ஆகவே, அறியாமையுட்பட்டான் தன் அறியாமையையும் அறியான். அறியேன் என்னும் உணர்வு ஒருவனுக்குத் தோன்றுமாயின், அதுவே அருளொளி புகத்தொடங்கியமைக்கு அடையாளமென்க.

திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் (மறைவு 1785) சிவஞானபோதத்திற்கு மாபாடியம் இயற்றி இக்கொள்கைகளை விரித்து விளக்கினார். அந்நூற்றாண்டிலேயே, செர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1781-இல் வெளியிட்ட தூய அறிவின் ஆராய்ச்சி என்னும் நூலில், மக்களறிவு காலம், இடம், காரணகாரியம் முதலியவற்றிற்கு உட்பட்டே நிகழுமென்றும், பொருளின் தன்னியல்பு அதற்கு எட்டாதென்றும், கடவுளுண்மை அவ்வறிவால் நிறுவப்படாதென்றும் கூறினார். 1788-இல் வெளிவந்த நூலில், ஒழுக்கத்தின்பொருட்டுக் கடவுள் உண்டெனக் கோடல் வேண்டுமென்றார். இவ்விரு மரபும் சுட்டறிவிற்கு எல்லை உண்டென்னுமளவில் ஒக்கும், அதன்மேல் வேறுபடும். சித்தாந்தம் கடவுளுண்மையைக் கருதலளவையால் நிறுவும். எல்லைக்கு அப்பாலுள்ளதனை நம்பிக்கைக்கு மட்டும் விடாது, திருவருளால் நிகழும் அநுபவத்திற்கு உரியதாகக் கொள்ளும்.

கண்ணுக்குக் காட்டி உடனின்று காணும் உயிர்போல, உயிர்க்குக் காட்டி உடனின்று காண்பன் இறைவன் என்பது பதினோராஞ் சூத்திரக் கருத்து. காட்டக் காணும் அறிவு தன் எல்லையை உணர்தலால் இழப்பதொன்றுமில்லை. காட்டுவானை நோக்கி நிற்கும் நிலையை அது பெறும். நூல்கள் பலவும் கற்றும் அந்நிலை வாய்க்கப்பெறாதானுக்கு அவையும் பாசஞானமாயே ஒழியும். வாய்க்கப்பெற்றானுக்கோ, ஒரு சூத்திரமும் சாலும்.