கால் நரம்பு வலி: தைலம் தேய்க்கும் முன் கவனிக்க வேண்டியவை

காலில் நீலமாகப் புடைத்துத் தெரிவதை நம்மவர்கள் பலர் நரம்பு என்றே சொல்கின்றனர். உண்மையில் அவை, இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரைகள். அங்கு வலி கண்டால் தைலம் தேய்த்து உருவி விடுவது வழக்கம். எல்லா வலிக்கும் அது ஏற்றதல்ல.

நரம்புச் சுருட்டு: சிரைகளில் உள்ள வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் தேங்கி, சிரை புடைத்துச் சுருளும். தொழிற்சாலையிலும் கடையிலும் மணிக்கணக்கில் நின்று வேலை செய்வோர், கர்ப்பிணிகள், உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். மாலையில் கால் கனக்கும். உயர்த்தி வைத்தால் குறையும்.

சிரை அழற்சி: தோலுக்கு அடியில் உள்ள சிரை கயிறுபோல் தடித்து, சிவந்து, தொட்டால் வலிக்கும். டிரிப் ஏற்றிய கையிலும் இது வரலாம்.

ஆழ்சிரை இரத்தக்கட்டு: இதுவே ஆபத்தானது. பெரும்பாலும் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலிக்கும். அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட படுக்கை, பல மணி நேரப் பயணம், புற்றுநோய், சில கருத்தடை மாத்திரைகள் ஆகியவற்றால் வாய்ப்பு கூடும். இந்தக் காலை உருவி விடக் கூடாது. இரத்தக்கட்டு பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

சிரையில் கோளாறு இல்லாமலும் கால் வலிக்கலாம். நடந்தால் வலித்து, நின்றால் குறைந்தால் தமனி அடைப்பு காரணமாக இருக்கலாம்; புகைப்பிடிப்போருக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் இது அதிகம். பாதத்தில் எரிச்சலும் மரத்துப் போதலும் இருந்தால், இனிப்பு நீரால் உண்மையான நரம்பே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

எப்போது செல்வது?

கணுக்கால் அருகே தோல் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ, வலி வேலையைத் தடுத்தாலோ கிளினிக்கில் காட்டவும். சிரை சிவந்து தடித்தாலும் தாமதிக்க வேண்டாம்.

ஒரு கால் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். ஸ்கேன் மூலம் இரத்தக்கட்டைக் கண்டறியலாம், மருந்தும் உண்டு.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே 999 எண்ணுக்கு அழைக்கவும்.

புடைத்த சிரை வெடித்து இரத்தம் கொட்டினால், படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவும். நிற்காவிட்டால் 999.

அழுத்தக் காலுறையை மருத்துவரைக் கேட்டே அணியவும். தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு அது தீங்காகலாம்.