இல்லிற் பயிலலும் அவையிற் பயிலலும்



வகுப்பறையிற் சில பகுதியும் இணையவழியிற் சில பகுதியுமாகக் கற்பிக்கும் கலப்புமுறைக் கல்வி இந்நாளிற் கல்லூரிகள்தோறும் பேசப்படுகின்றது. 2020-ஆம் ஆண்டிற் கொரோனா நோயாற் கல்லூரிகள் அடைபட்டன. மறு ஆண்டு மே மாதத்திற் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு கருத்துரு வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியாகவும் எஞ்சியதை நேரிலும் கற்பிக்கலாம் என்பது அதன் கருத்து. இதனைப் புதுவதென்று வியப்பாரும் கேடென்று வெறுப்பாரும் உளர். கருவியே புதிது, முறை பழையது. இஃது எங்ஙனமென மதுரை வரலாறு கொண்டு காட்டுவாம்.

1901-ஆம் ஆண்டிற் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூவகைத் தேர்வு நடத்திற்று. பிறவிடங்களிற் கற்றாரும் அத்தேர்வெழுதினர். யாழ்ப்பாணத்துப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 1926-இல் அதில் தேறினார். தேர்வு மதுரையது, அவர் பயின்றதோ வண்ணார்பண்ணை நாவலர் காவிய பாடசாலையில். தேர்வு தொலைவிலிருப்பினும் ஆசிரியர் அணிமையில் இருந்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பேராசிரியர் மு. வரதராசனார் வரலாறும் இத்தகையதே. திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராய் இருந்து, உடல்நலங் குன்றி அப்பணியை விடுத்தவர் அவர். முருகைய முதலியாரிடம் தமிழ் கேட்டுத் தாமே முயன்று கற்று, 1935-இல் வித்துவான் தேர்வில் முதன்மையுற்றார். கல்லூரி புகாது கற்ற அவர் 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அப்பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியதும் அவ்வாண்டிலேயே என்பது மகிழ்தற்குரிய பொருத்தமாம். டில்லிப் பல்கலைக்கழகம் இம்முறையை 1962-லேயே தொடங்கியிருந்தது.

அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் இல்லந்தேடி வந்தன. விடுமுறை நாட்களில் நேரடி வகுப்புக்கள் நிகழ்ந்தன. அலுவலக எழுத்தரும், தொடக்கப்பள்ளி ஆசிரியரும், மணமுடித்த மகளிரும் பட்டம் பெற வழி பிறந்தது. எனினும் பாடப்பொதியை வாங்கி வைத்து நேரடி வகுப்பை நீத்தாரும் உளர். உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவரை யான் அறிவேன். ஐயங் கேட்க ஆளின்றி, பிரிக்காத பொதிகளோடு இரண்டாம் ஆண்டிற் படிப்பை விட்டார். குறைவுற்றது அவரது அறிவன்று, துணையே.

இதன் காரணம் நன்னூலார் அறிந்ததொன்று. ஆசிரியர் உரைத்தது முழுதுங் கொண்டவனும் புலமையிற் காற்கூறே பெறுவான். உடன்பயில்வாரோடு பழகுதலாற் பிறிதொரு காற்கூறு பெறுவான். எஞ்சிய அரைக்கூறு தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் வரும் என்பது அவர் கருத்து. கைப்பேசியில் வரும் விரிவுரை எத்துணைச் சிறந்ததாயினும் முதற் காற்கூறே தரும். ஏனைய முக்காலும் மக்கள் கூடுமிடத்தன்றி வாரா.

ஆகலின், நம் மரபினர் செய்யற்பாலது ஒன்றுண்டு. மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிச் சிற்றூர்களில் நம் பெண்மக்கள் பலர், கல்லூரிக்குச் செல்லும் செலவும் தொலைவும் அஞ்சி, இல்லிலிருந்து தனியே கற்கின்றனர். பாடங் காணக் கைப்பேசி உண்டு. ஐயந் தீர்க்க ஒருவருமில்லை. நம் சங்கக் கட்டடத்து மேன்மாடமோ திருமண நாளொழிய ஏனைநாளில் வறிதே கிடக்கின்றது. ஞாயிறுதோறும் முற்பகலில் அதனைத் திறந்து, ஆசிரியர் நால்வர் அமர்ந்து ஐயந் தீர்ப்பாராயின், கற்பார் ஒருவர்க்கொருவர் பாடஞ் சொல்லவும் இடமாகும். பாயும் கரும்பலகையுமே முதற்செலவு. நம்மவர்க்கேயன்றி வருவார் யாவர்க்கும் அக்கதவு திறந்திருத்தல் வேண்டும்.

அந்நால்வருள் ஒருவனாக அமர யான் இசைகின்றேன். ஏனை மூவரை அடுத்த திங்கட் கூட்டத்தில் எதிர்நோக்குகின்றேன்.